டக்ட் இணைப்புக்கு எதை எடுப்பது? மார்த்தாண்டத்து மண்டபத்தை வைத்து ஒரு கணக்கு

களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை புதிதாக எழும் மண்டபம், ஜவுளிக்கடை, மருத்துவமனை எதுவானாலும் ஏசி கொட்டேஷனில் ஒரு வரி இருக்கும்: "ஜி.ஐ. டக்டிங், சதுர மீட்டருக்கு இவ்வளவு." டக்ட் என்றால் ஏசி காற்றைக் கொண்டுபோகும் குழாய், ஜி.ஐ. என்றால் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. துண்டுகளை எப்படி இணைப்பார்கள், இணைத்த இடத்தை எதைக் கொண்டு அடைப்பார்கள் என்று அந்த வரி சொல்லாது. தகடு எல்லாரிடமும் ஒரே தகடுதான். விலை வித்தியாசமும் பின்னால் வரும் தலைவலியும் இணைப்பில் இருக்கிறது.

மாதிரிக்கு மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்வோம். பிரதான சப்ளை டக்ட் 1000 மி.மீ. அகலம், 500 மி.மீ. உயரம், 30 மீட்டர் நீளம். இந்த அகலத்துக்கு, உலோக டக்ட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 655 கேட்கும் தகடு 0.80 மி.மீ., கடைப் பேச்சில் 22 கேஜ். 1.2 மீட்டர் துண்டாக வந்தால் 25 துண்டு, இடையில் 24 இணைப்பு. சுற்றளவு 3 மீட்டர் என்பதால் இணைப்புக் கோடு மொத்தம் 72 மீட்டர். மூலைகள் 96. தகட்டின் பரப்பு 90 சதுர மீட்டர், எடை சுமார் 565 கிலோ. காற்று விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் போனால் 3,500 லிட்டர்.

இந்த டக்ட்டை எதையும் பூசாமல் மாட்டினால் எவ்வளவு கசியும்? சீல் வைக்காத செவ்வக டக்ட்டுக்கு ஆஷ்ரே (அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கம்) கையேடு எடுத்துக்கொள்ளும் கசிவு எண் 48. அந்தக் கணக்கில் 250 பாஸ்கல் அழுத்தத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 220 லிட்டர் வெளியே போகும், அதாவது 6 சதவீதத்துக்கு மேல். பிரிட்டனின் டி.டபிள்யூ. 144 விதிப்படி 'ஏ' வகுப்புக்குச் செய்தால் 88 லிட்டர், 'பி' வகுப்புக்குச் செய்தால் 29 லிட்டர். இது பிரதான டக்ட் மட்டும். கிளை டக்ட்கள், டிஃப்யூசர் (சீலிங்கில் காற்று வெளிவரும் வாய்) கழுத்துகள் எல்லாம் இதற்கு மேல் சேரும். போன காற்றை ஃபேனை வேகமாக ஓட்டி ஈடுகட்டலாம். ஆனால் மின்சாரம் காற்றின் அளவுக்கு மும்மடியாக ஏறும் என்பதால் 6 சதவீதக் காற்றுக்கு மோட்டாரில் 20 சதவீதம் கூடுதல் இழுவை.

கரண்ட் பில்லைவிட இந்தப் பக்கத்தில் பெரிய வில்லன் தண்ணீர். இடவப்பாதி மழைக்காலத்தில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் சாதாரணம். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் தண்ணீராகக் கட்டும் வெப்பநிலை, 26 டிகிரிக்கு வந்துவிடும். டக்ட்டுக்குள் போவது 13, 14 டிகிரிக் காற்று. ஃபிளாஞ்சு (துண்டுகளை இணைக்கும் விளிம்பு) மூலையில் ஒரு தீக்குச்சி நுழையும் ஓட்டை இருந்தால் போதும், குளிர்காற்று இன்சுலேஷனுக்குள் புகுந்து மேலே ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளைக் குளிர வைக்கும். அதன்மேல் முத்து முத்தாகத் தண்ணீர் கட்டி, ஜிப்சம் சீலிங்கில் தேநீர் நிறத்தில் கறை விழும். பாறசாலைப் பக்கத்து ஃபிட்டர்கள் இதற்கு 'சோர்ச்ச' என்பார்கள். கூடத்துக் காற்றைத் திரும்ப எடுக்கும் ரிட்டர்ன் டக்ட்டில் கசிவு எதிர்த்திசையில் நடக்கும்: சீலிங்குக்கு மேலே கிடக்கும் சூடான ஈரக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். சொட்டாததால் யார் கண்ணிலும் படாது. ஏசி போதவில்லை என்று இன்னொரு டன் மாட்டுவார்கள்.

கிளீட்

பழைய முறை. அகலப் பக்கங்களில் 'எஸ்' வடிவப் பட்டை, குட்டைப் பக்கங்களில் சுத்தியலால் தட்டி ஏற்றும் டிரைவ் பட்டை. டிரைவின் நுனியை 20, 25 மி.மீ. விட்டு மூலையில் மடக்கி அடிப்பார்கள். உள்ளூர்ப் பட்டறையில் மடிப்பு மெஷின் ஒன்று இருந்தால் போதும். கேஸ்கெட் (இணைப்பின் நடுவில் வைக்கும் ரப்பர்ப் பட்டை), போல்ட் எதுவும் வேண்டாம்.

கேஸ்கெட் இல்லாததுதான் இதன் குறையும். தகடும் தகடும் தொட்டுக்கொண்டிருக்கும், அழுத்திப் பிடிக்க ஒன்றும் இல்லை. காற்றை நிறுத்துவது முழுக்க மேலே பூசும் மாஸ்டிக் என்ற கெட்டியான அடைப்புப் பசை. நம் மாதிரி டக்ட்டை கிளீட்டில் செய்தால் 75 மி.மீ. அகலத்துக்கு 2 மி.மீ. கனத்தில் பூச மீட்டருக்கு 150 மில்லி, 24 இணைப்புக்கு 11 லிட்டர் மாஸ்டிக் வேண்டும். சீலிங் ஸ்லாபுக்கும் டக்ட்டுக்கும் இடையே 100 மி.மீ. சந்துதான் இருக்கிறது என்றால் மேல்பக்கம் யார் பூசுவது? பூசமாட்டார்கள். கீழே நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் மூன்று பக்கம் மட்டும் வெள்ளையாக இருக்கும். கிளீட் போட்டால், துண்டைத் தரையில் வைத்து மேல்பக்கத்தைப் பூசி, காயவிட்டு ஏற்ற வேண்டும். அதற்கு எத்தனை பேர் பொறுமை வைத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

450 மி.மீ. வரை உள்ள கிளை டக்ட்டுக்கு கிளீட் தாராளமாகப் போதும். 1000 மி.மீ. பிரதான டக்ட்டுக்கு இதை யாராவது விலைகுறைவு என்று சொன்னால் மாஸ்டிக்கையும் பூசும் ஆள் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

ஆங்கிள் ஃபிளாஞ்சு

40×40×3 ஆங்கிளைச் சட்டமாக வெல்டு வைத்து, டக்ட்டின் முனையில் 100 முதல் 150 மி.மீ.க்கு ஒரு ரிவெட் அடித்து, தகட்டின் ஓரத்தை 8, 10 மி.மீ. சட்டத்தின்மேல் மடித்து, நடுவில் 3 மி.மீ. ரப்பர் வைத்து போல்ட் போடுவது. தென்மாவட்டத்தில் 'ஆங்கிள் போட்ட டக்ட்' என்றால் உரிமையாளர்களுக்கு ஒரு நிம்மதி. கனமாக இருக்கிறதல்லவா.

கனம்தான். நம் டக்ட்டுக்கு 48 சட்டம், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 3.2 மீட்டர் ஆங்கிள், மீட்டருக்கு 1.8 கிலோ. மொத்தம் 275 கிலோ இரும்பு. 565 கிலோ டக்ட்டின்மேல் இன்னும் பாதி டக்ட்டை ஏற்றிய மாதிரி. தொங்கும் ராடும் சப்போர்ட்டும் அதற்கேற்ப பெரிதாக வேண்டும்.

இவ்வளவு இரும்பு போட்டும் கசிவது எங்கே என்றால், ரப்பர் இருக்கும் இடத்தில் அல்ல. தகட்டின் ஓரத்தை மடிக்க நாலு மூலையிலும் வெட்டு விடுகிறார்கள். அந்த வெட்டின் அடிவேர் ரப்பருக்கு உள்பக்கம் நின்றுவிட்டால் காற்று தகட்டுக்கும் ஆங்கிளுக்கும் நடுவில் நுழைந்து ரிவெட் ஓட்டை வழியாக வெளியேறும். ரப்பர் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் பயனில்லை. சட்டத்தை ரிவெட் அடிக்கும் முன் ஆங்கிளின் உள்முகத்தில் சீலன்ட் ஒரு கோடு இழுத்து, மடித்த பிறகு மூலை வெட்டின்மேல் ஒரு பொட்டு வைத்தால் தீர்ந்தது. பல பட்டறைகள் இதைச் செய்வதில்லை, கேட்டால்தான் செய்வார்கள்.

ஆங்கிளை எடுக்க வேண்டிய இடங்கள் உண்டு. ஃபேன் வாயில், அதிர்வு வரும் இடம். அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்யும் எக்சாஸ்ட் (சமையல்கூடத்தது அல்ல). மொட்டை மாடியில் காற்றடிக்கும் டக்ட். 2250 மி.மீ.க்கு மேல் போகும் பெரிய டக்ட். மண்டபத்து சப்ளை லைன் அந்தப் பட்டியலில் இல்லை.

மெஷின் ஃபிளாஞ்சு

டி.டி.எஃப். என்று சொல்லிப் பழகிவிட்டது. டக்ட்டின் தகட்டையே மெஷின் ஓரத்தில் மடித்து ஃபிளாஞ்சாக்கிவிடும். நாலு மூலையிலும் பிரஸ் செய்த மூலைத் தகடு ஒன்று, அதில் ஒரு போல்ட். ஒரு இணைப்புக்கு நாலு போல்ட்தான். பக்கவாட்டில் கிளிப். நம் மாதிரிக்கு எண்ணிப் பார்த்தால் மூலைத் தகடு 192, போல்ட் 96. மூலையிலிருந்து 150 மி.மீ.க்குள் முதல் கிளிப், பிறகு 300 மி.மீ.க்கு மிகாமல் ஒன்று என்றால் அகலப் பக்கத்தில் 4, குட்டைப் பக்கத்தில் 2, இணைப்புக்கு 12, மொத்தம் 288. கேஸ்கெட் பட்டை 72 மீட்டர், வீணாவதைச் சேர்த்து 80 வாங்கலாம்.

இந்த மெஷின் மார்த்தாண்டத்தில் எல்லாத் தெருவிலும் இருக்காது. கோவையிலோ சென்னையிலோ செய்து லாரியில் வரும். கோவையிலிருந்து வந்தால் மதுரை, நெல்லை, ஆரல்வாய்மொழி கணவாய் வழி. முழு டக்ட்டாக ஏற்றினால் லாரி சுமப்பது காற்றைத்தான். அதனால் 'எல்' வடிவத்தில் இரண்டு பாதியாக ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி அனுப்பி, சைட்டில் லாக் (நீளவாட்டில் தகட்டோடு தகட்டைக் கோக்கும் மடிப்பு) அடித்து மூடுவார்கள். லாரி வாடகை மிச்சமாகும். கொடுக்கும் விலை, நீளவாட்டு லாக்கை சைட்டில் ஹெல்பர் அடிப்பது. பிட்ஸ்பர்க் லாக் எனப்படும் இந்த மடிப்பின் பள்ளத்தில் ஆலையிலேயே சீலன்ட் விட்டு அனுப்பச் சொல்லலாம், ஆர்டரில் எழுதினால் செய்வார்கள். திருவனந்தபுரத்துப் பட்டறையில் எடுத்தால் தூரம் குறைவு. ஆனால் மாநில எல்லை என்பதால் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும், அளவு பிசகிய துண்டைத் திருப்பி அனுப்பும்போதும் தாள் வேலை உண்டு. அளவு நாடாவை இரண்டு முறை பிடிப்பது மலிவு.

லாரி வந்து இறங்கும் நாளும் முக்கியம். மழை நனைந்த ஜி.ஐ. தகட்டை அப்படியே அடுக்கி வைத்தால் இரண்டு தகட்டுக்கும் நடுவே வெள்ளைத் துரு பிடிக்கும், மாவு மாதிரி உதிரும். அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது. வந்தவுடன் பிரித்து, துடைத்து, சாய்த்து நிறுத்த வேண்டும்.

மாட்டும்போது எங்கே தவறும் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மூலைத் தகட்டை ஃபிளாஞ்சின் பள்ளத்தில் தட்டி உட்கார வைக்கிறார்கள். தகடு மடியும் இடத்தில், மூலைத் தகட்டுக்குப் பின்னால், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு முக்கோண இடைவெளி எப்போதும் இருக்கும். மெஷின் எவ்வளவு நல்லதானாலும் இருக்கும், ஏனென்றால் மூலையில் தகட்டை வெட்டாமல் மடிக்க முடியாது. 24 இணைப்பில் 192 இடம். அங்கே மாஸ்டிக்கை விரலாலோ துப்பாக்கியாலோ வைத்து அடைத்த பிறகுதான் கேஸ்கெட் ஒட்ட வேண்டும். இணைத்த பிறகு அந்த இடத்துக்கு விரல் போகாது.

அடுத்தது கேஸ்கெட். 5 மி.மீ. கனம், 20 மி.மீ. அகலப் பட்டையை ஃபிளாஞ்சின் உள்விளிம்பை ஒட்டி ஒட்ட வேண்டும், வெளிவிளிம்பில் அல்ல. மூலையில் திரும்பும்போது ஃபிட்டர் பட்டையை இழுத்துத் திருப்புவார். ரப்பர் பேண்டை இழுத்தால் மெலிவதுபோல அந்த இடத்தில் பட்டை பாதிக் கனமாகிவிடும், கசிவு அங்கேதான். இழுக்காமல், தளர்வாக, கொஞ்சம் தள்ளிக் கொடுத்துத் திருப்ப வேண்டும். பட்டையின் இரண்டு நுனியும் சேரும் இடம் மூலையில் வரக்கூடாது, பக்கத்தின் நடுவில் வரட்டும்.

போல்ட்டை எதிரெதிர் மூலையாக, இரண்டு சுற்றில் இறுக்க வேண்டும். ஒரு மூலையை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் எதிர் மூலை வாய் பிளக்கும். பிளந்த வாயைக் கிளிப் அடித்து மூடப் பார்ப்பார்கள், ஃபிளாஞ்சு வளையும். வளைந்த ஃபிளாஞ்சு நேராகாது.

இவ்வளவும் சரியாகச் செய்தால் மேல்பக்கம் கை எட்டாத இடத்திலும் இந்த இணைப்பு தானே நிற்கும். அடைப்பு வேலை முழுவதும் துண்டு தரையில் இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. மேலே ஏறிய பிறகு நாலு போல்ட், 12 கிளிப். மண்டபத்துப் பிரதான டக்ட்டுக்கு நம் ஓட்டு இதற்குத்தான், காரணமும் இதுதான்.

தனியாக உருட்டி வரும் ஸ்லிப்-ஆன் ஃபிளாஞ்சு என்று ஒன்று உண்டு. 20, 30, 40 மி.மீ. உயரத்தில் கிடைக்கும். உள்ளூரில் வெட்டிய டக்ட்டில் செருகி ரிவெட் அடிக்கலாம். மெஷின் டக்ட்டில் அளவு தவறிய ஒன்றிரண்டு துண்டைச் சைட்டில் வெட்டி ஒட்டப் போடுவதற்கு இது வரப்பிரசாதம். ஃபிளாஞ்சுக்கும் தகட்டுக்கும் நடுவில் சீலன்ட் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். சிலவற்றில் ஆலையிலேயே நிரப்பி வரும், மலிவானதில் இருக்காது.

வட்ட டக்ட்

மூலையே இல்லாததால் கசிவுச் சண்டையில் பாதி ஜெயித்துவிட்டது. ஸ்மாக்னா (அமெரிக்க டக்ட் ஒப்பந்தக்காரர் சங்கம்) விதியிலும் அதே சீலுக்கு வட்ட டக்ட்டின் கசிவு எண் செவ்வகத்தின் பாதி. ஸ்பைரல் குழாய் 3 மீட்டர் நீளமாக வரும் என்பதால் 30 மீட்டருக்கு 9 இணைப்பு போதும். உள்ளே செருகும் கப்ளிங், சுற்றி மாஸ்டிக், குறைந்தது 3 ஸ்க்ரூ. இரட்டை ரப்பர் உதடு வைத்த கப்ளிங் என்றால் மாஸ்டிக்கே வேண்டாம், ஆனால் செருகும்போது ரப்பர் மடங்கிவிடாமல் சோப்புத் தண்ணீர் தடவிச் சுழற்றித் தள்ள வேண்டும்.

தடை உயரம். நம் 1000×500 டக்ட் விடும் காற்றை அதே வேகத்தில் விட 800 மி.மீ. விட்டம் வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் அவ்வளவு இடம் கிடைப்பது அரிது. டக்ட்டைத் திறந்தே தொங்கவிடும் ஜவுளிக்கடை, உடற்பயிற்சிக் கூடம் என்றால் யோசிக்காமல் எடுக்கலாம்.

இன்சுலேஷன் பேனல் டக்ட்

இரண்டு பக்கமும் அலுமினியத் தாள் ஒட்டிய 20 மி.மீ. ஃபோம் பேனலை 'வி' வடிவில் வெட்டி, பசை தடவி மடித்து, வெளியே 75 மி.மீ. அலுமினிய டேப், உள்ளே மூலையில் சிலிக்கான். இணைப்புக்கு அலுமினியப் பட்டையும் பிளாஸ்டிக் நாக்கும். சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோவுக்குள்தான் இருக்கும், இரண்டு பேர் தூக்கிவிடலாம். மழைக்காலத்து ஈரத்துக்கு ஏற்றது. கசிவும் குறைவு.

எதிரி அணில், எலி. ஓட்டுக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் போகும் டக்ட்டாக இருந்தால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள். மொட்டை மாடியில் வெயில் பசையைத் தின்னும், ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்று பேனலைத் தூக்கும். கொளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் கரையோரம் என்றால் மெல்லிய அலுமினியத் தாளில் உப்புக்காற்று ஊசி ஓட்டை போடும். உள்கூடத்துக்குள், கிளை டக்ட்டாக எடுத்தால் நல்ல பொருள்.

சமையல்கூடத்து எக்சாஸ்ட் தனிக்கதை

மண்டபம் என்றால் சமையல்கூடம் உண்டு, சமையல்கூடம் என்றால் எண்ணெய் ஆவி. மேலே சொன்ன எதுவும் அங்கே செல்லாது. கிளீட்டில் எண்ணெய் ஒழுகும், ரப்பர் கேஸ்கெட் எண்ணெயில் ஊறி உப்பும், தீப்பிடித்தால் டேப்பும் மாஸ்டிக்கும் முதலில் போகும். அமெரிக்கத் தீ விதி என்.எஃப்.பி.ஏ. 96 கேட்பது குறைந்தது 1.37 மி.மீ. கரி எஃகு அல்லது 1.09 மி.மீ. ஸ்டெயின்லெஸ் எஃகு, வெளிப்பக்கம் முழு நீளத்துக்கும் விடாத வெல்டு. ஹூட் பக்கம் சரிவு வேண்டும், மீட்டருக்கு 20 மி.மீ. ஜி.ஐ. தகட்டில் வெல்டு வைக்கச் சொல்லாதீர்கள். துத்தநாகம் எரியும் புகை வெல்டருக்குக் காய்ச்சல் தரும், பூச்சு போன இடத்தில் துருவும் ஏறும். முந்திரி ஆலை வறுப்புக்கூடத்துக்கும் இதே பாதைதான். ஓட்டின் எண்ணெய் தோலையே பொசுக்கும் என்றால் ரப்பர் எத்தனை நாள்?

அடைக்கும் பொருள்: டேப்பா, மாஸ்டிக்கா, சிலிக்கானா

"அண்ணே, கடைசியில டேப் சுத்திரலாம்." எந்த சைட்டிலும் காதில் விழும் வாசகம் இது. துணி முதுகுள்ள சாதாரண டக்ட் டேப்பை 1998 வாக்கில் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்துப் பார்த்தார்கள். மற்ற அடைப்புகள் தாங்கியபோது அதுதான் தோற்றது. பெயரில் டக்ட் இருப்பதோடு சரி. பழுப்பு பிளாஸ்டிக் டேப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அலுமினிய ஃபாயில் டேப் வேறு ரகம். இன்சுலேஷன் தாளின் இணைப்பை மூட அதுதான் சரியான பொருள். தகட்டின்மேல் ஒட்டும்போது பிரச்சினை தகட்டில் இருக்கும் மெஷின் எண்ணெய். தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் இல்லாமல், தகட்டுத் துண்டால் அழுத்தித் தேய்த்தால்தான் பிடிக்கும். மழை பெய்யும் நாளில் ஸ்லாபுக்கு அடியில் வியர்த்துக்கிடக்கும் டக்ட்டில் ஒட்டினால் அடுத்த வாரம் வாழை நார் மாதிரி தொங்கும்.

நீர் கலந்த மாஸ்டிக் நம் முதல் தேர்வு. பெயின்ட் பிரஷ்ஷில் பூசலாம், காய்ந்தபின் ரப்பர் மாதிரி நெகிழும், அதிர்வுக்கு விரிசல் விடாது. பாதி செ.மீ. வரை சந்து இருந்தால் கண்ணாடி இழை வலைப் பட்டையை முதல் பூச்சில் பதித்து மேலே இரண்டாம் பூச்சு. அதற்கு மேல் சந்து இருந்தால் மாஸ்டிக்கால் மூடாதீர்கள், தகட்டைச் சரிசெய்யுங்கள். பூசும் கனத்தில் பெரும்பாலும் கஞ்சத்தனம் நடக்கும். தகட்டின் பளபளப்பு பூச்சு வழியாகத் தெரிந்தால் போதவில்லை என்று பொருள். நீர் ஆவியாகித்தான் காயும் என்பதால் காற்றே ஈரமாக இருக்கும் மாதங்களில் டப்பாவில் போட்டிருக்கும் 24 மணி நேரத்தை நம்ப வேண்டாம், இரண்டு மூன்று நாள் விடுங்கள். மாடியில் பூசி அன்றே மழை பிடித்தால் வெள்ளையாகக் கரைந்து ஓடும். வெளியே போகும் டக்ட்டுக்கு கரைப்பான் கலந்த வகை அல்லது பியூட்டைல் பட்டை.

சிலிக்கான் நல்லதுதான், இரண்டு எச்சரிக்கையோடு. காடி வாசம் அடிக்கும் மலிவு சிலிக்கான் துத்தநாகப் பூச்சை அரிக்கும், நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு மாஸ்டிக்கோ பெயின்ட்டோ ஒட்டாது. ஒருவர் சிலிக்கான் இழுத்துவிட்டுப் போக அடுத்தவர் அதன்மேல் மாஸ்டிக் பூசுவது வீண்.

எந்த இடத்தை எல்லாம் அடைக்க வேண்டும்? ஸ்மாக்னா மூன்றாகப் பிரிக்கிறது. முன்பு சொன்ன பிரிட்டன் வகுப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: அங்கே 'பி'யைவிட 'ஏ' தளர்ந்தது, இங்கே 'ஏ'தான் கடுமையானது. 500 பாஸ்கல் அழுத்த டக்ட்டுக்கு குறுக்கு இணைப்புகள் போதும், இது 'சி'. 750 என்றால் நீளவாட்டு லாக்கும் சேரும், 'பி'. 1000க்கும் அதற்கு மேலும் ராட், டேம்பர் (காற்றைக் கூட்டிக் குறைக்கும் தடுப்புத் தகடு) தண்டு நுழையும் ஓட்டை உட்பட எல்லாம், 'ஏ'. ஆஷ்ரே 90.1 விதியில் 2010 பதிப்பிலிருந்து அழுத்தம் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 'ஏ' கேட்கிறார்கள். நம் மண்டபத்து டக்ட் 500க்குள் அடங்கும், 'சி' போதும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் விதிப்படி தவறில்லை. ஆனால் மேலே சொன்ன பனிநிலைக் கணக்கு லாக் கசிவையும் விடாது. லாக்கில் விடும் சீலன்ட், டேம்பர் தண்டு ஓட்டை ஒன்றுக்கு ஒரு ரப்பர் வாஷர், இந்தச் செலவுதான் வித்தியாசம். 'ஏ' கேளுங்கள்.

கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால் வேறு சில செலவும் உண்டு. கடையில் பொதுவாகக் கிடைக்கும் 120 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) துத்தநாகப் பூச்சுக்குப் பதில் 275 கேளுங்கள். மெஷின் ஃபிளாஞ்சில் முதலில் துரு பிடிப்பது வெட்டு ஓரமும் போல்ட்டும். ஆங்கிள் என்றால் சட்டம் செய்தபின் ஹாட்-டிப் கால்வனைஸ் செய்து வர வேண்டும், ரெட் ஆக்சைடு ஒரு கோட் கணக்கில் வராது.

சோதனை

நம் ஊரில் எளிதாக நடப்பது லைட் டெஸ்ட். ராத்திரி, கட்டடத்தின் விளக்கெல்லாம் அணைத்து, வலுவான பல்பு ஒன்றைக் கயிற்றில் கட்டி டக்ட்டுக்குள் இழுத்துக்கொண்டே போக, வெளியே ஒருவர் நடந்து பார்ப்பார். ஒளி கசியும் மூலையில் சாக்பீஸால் வட்டம் போடுவார். செலவில்லாத வேலை, மூலை ஓட்டைகளை அப்படியே காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒளி நேர்கோட்டில்தான் போகும், காற்று வளைந்து போகும். மடிப்பு லாக்குக்குள் இரண்டு திருப்பம் திரும்பி வரும் கசிவை பல்பு காட்டாது. மேலே ஸ்லாபை ஒட்டிய பக்கத்தையும் யாரும் பார்க்க முடியாது.

அதனால் பிரதான டக்ட்டுக்கு மட்டுமாவது அழுத்தச் சோதனை கேட்கலாம். கிளை வாய்களைத் தகடு வைத்து மூடி, அளவுத் துளை பொருத்திய சின்ன ஃபேனால் 250 பாஸ்கலுக்கு ஊத வேண்டும். அழுத்தம் நிலையாக நிற்க எவ்வளவு காற்று தேவைப்படுகிறதோ அதுவே கசிவு. நம் டக்ட்டில் விநாடிக்கு 29 லிட்டருக்குக் கீழே வந்தால் டி.டபிள்யூ. 144 சொல்லும் 'பி' வகுப்பு. 88ஐத் தாண்டினால் முதலில் வாய் மூடிய தகடுகளைச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். பாதி நேரம் கசிவு அங்கேதான் இருக்கும், டக்ட்டில் அல்ல. அதன்பிறகு காற்றைக் குளிர்வித்துத் தள்ளும் ஏ.ஹெச்.யு. பெட்டியின் கான்வாஸ் கழுத்து, பிறகு மூலைகள்.

இதெல்லாம் இன்சுலேஷன் சுற்றும் முன், சீலிங் சட்டம் ஏறும் முன் முடிய வேண்டும். சீலிங் ஆட்கள் அடுத்த நாளே வந்து நிற்பார்கள் என்பதால் ஆர்டரிலேயே எழுதிவிடுவது நல்லது: பிரதான டக்ட் மெஷின் ஃபிளாஞ்சு, மூலைகள் கேஸ்கெட்டுக்கு முன் மாஸ்டிக், நீளவாட்டு லாக்கில் ஆலை சீலன்ட், 450 மி.மீ.க்குக் கீழ் கிளை கிளீட்டும் தரையில் பூசிய மாஸ்டிக்கும், ஃபேன் வாயில் ஆங்கிள், சமையல்கூடம் வெல்டு, துணி டேப் எங்கும் கூடாது, சோதனை முடியாமல் இன்சுலேஷன் கூடாது, இன்சுலேஷனுக்கு முன் பில்லில் 10 சதவீதம் நிறுத்தி வைக்கப்படும். கடைசி வரியைப் படித்தபின் ஒப்பந்தக்காரர் விலையை மாற்றினால், முதல் கொட்டேஷனில் அவர் எதை விட்டிருந்தார் என்று கேட்கலாம்.